முப்பத்தொன்பதாம் கட்டம்

காலை பத்துக்கு ஒரு தே.
பகல் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று.
ஆலை மூடியபின் குடிப்பது கணக்கில் சேராதாம்.
பகாவில் செம்பனை லாரிகளை எடைபோடும் இருதயராஜ்
இருபத்தாறு வருடத்தில்
தன் சீனியை மட்டும் நிறுத்துப் பார்த்ததில்லை.
கிளினிக் அட்டையில் சிவப்பு மையில் பதினொன்று.
இனிப்புநீர் என்று சொல்லும்போது
அந்த நோய்க்கே ஒரு ருசி வந்துவிடுகிறது.

நான் ஆய்வுக்குப் போனவள்.
கையில் எண்பது கட்டம் போட்ட அட்டை.
"மனசை மாத்தச் சொல்லல, அண்ணே.
ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க.
எப்போதுன்னு தொடங்கி
அப்போதுன்னு முடியணும்."

பேனாவை இரண்டு முறை உதறி எழுதினார்:
எப்போது கடை வாசலில் மோட்டாரை நிறுத்துகிறேனோ
அப்போது கொசோங் என்று சொல்வேன்.
எழுதிவிட்டு நிமிர்ந்தார்.
"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சொல்றாங்க.
நடுவுல இந்த எண்பது நாள் எங்க வருது, தங்கச்சி?"

வினாத்தாளில் அதற்கு இடமில்லை.
சிரித்து வைத்தேன்.

இரண்டு வாரம். நான்கே சரிக்குறி.
நேரில் போய் உட்கார்ந்து பார்த்தேன்.
கடைக்காரர் பெயரே சீனி முகமது,
அதை நான் வைக்கவில்லை.
ரயில் கேட்டைத் தாண்டி அந்தப் பச்சை மோட்டார்
இருமுவது கேட்டதுமே
அவர் கை டின்பாலைச் சாய்க்கிறது.
கண் வேறு யாருக்கோ மீதிச் சில்லறை எண்ணுகிறது.
இருதயராஜ் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்
கிளாஸின் அடியில் வெள்ளையாய் உட்கார்ந்துவிடுகிறது
இருபத்தாறு வருடம்.
கொசோங் என்ற சொல்
தினமும் ஒரு கரண்டி தாமதமாக வருகிறது.

பழக்கம் ஓர் ஆளுக்குள் இருக்கும் என்று
படித்துவிட்டு வந்திருந்தேன்.
இது மேசைக்கு இந்தப் பக்கம் பாதி,
அந்தப் பக்கம் பாதி.

மறுநாள் பாய்க்கும் ஓர் அட்டை கொடுத்தேன்.
(மாதிரியைக் கெடுத்துவிட்டாய் என்று
பேராசிரியை பிறகு திட்டினார். கெடுத்ததுதான்.)
பாய் யோசிக்கவே இல்லை:
எப்போது பச்சை மோட்டார் கேட்கிறதோ
அப்போது டின்னைக் கீழே வைப்பேன்.

அப்புறம் குறிகள் விழுந்தன,
புதுத் தோட்டத்தில் கன்று நட்ட மாதிரி
வரிசை பிசகாமல்.

முப்பத்தொன்பது மட்டும் வெறுமை.

கிடைக்காத தகவலுக்கு எங்கள் கணினியில் 999.
அடிப்பதற்கு முன் போன் செய்தேன்.
எடைமேடையில் லாரி ஏறும் சத்தம்.
பிறகு அவர்:

"அன்னைக்கு மகன் வந்தான், சிங்கப்பூர்லேருந்து.
நாலு வருஷம் பேசாதவன்.
வீட்டுக்குப் போகல, நேரா கடைக்கு வந்துட்டான்.
எதிர்ல உக்காந்து, என்னைப் பாக்காம,
பாய்கிட்ட சொல்றான்:
அப்பாவுக்கு எப்பவும் போல.

எப்பவும் போலன்னான், தங்கச்சி.

பாய் டின்னைத் தொடல. என்னைப் பாத்தாரு.
நான் தலையை ஆட்டினேன்.
ரெண்டு கிளாஸ்.
சரின்னு போட்டா பொய்.
தப்புன்னு போடக் கை வரல."

நாற்பதில் சரிக்குறி இருக்கிறது.
நாற்பத்தொன்றிலும்.
ஒரு நாள் தவறினால் பழக்கம் உதிர்ந்துவிடாது
என்று கட்டுரையில் ஒரு வரி எழுதலாம்.
எழுதுவேன்.
மகன் திரும்பிப் போய்விட்டானா என்று கேட்க
மறந்துவிட்டேன்.

இரவு பதினொன்று.
கலங்களை நிரப்பிக்கொண்டே வருகிறேன்.
முப்பத்தொன்பதுக்கு வந்ததும்
என்னைக் கேட்காமலே என் விரல்
ஒன்பதை அடிக்கிறது.
ஒன்பது.

மூன்றாவதற்கு முன்
எதையோ கீழே வைத்தது போல
அந்தரத்தில் நிற்கிறது.